நீ சூன் கிராமத்துக்கு அந்தப் பெயர் எப்படி வந்தது?

செம்பவாங் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்ப வரலாற்றை எழுதத் தொடங்கியிருக்கிறேன். என் தாத்தா சிங்கப்பூரின் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். அவருக்கு முன்பே இங்கு வந்துவிட்ட அவருடைய அண்ணன், அதே வட்டாரத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவர். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து இருவருக்கும் வந்த கடிதங்களின் உறைகளில் "நீ சூன் வில்லேஜ்" என்ற முகவரி காணப்படுகிறது. நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் யீஷூன் அடுக்குமாடி வீட்டில்தான். அந்தக் கிராமமும் இந்த நகரமும் ஒன்றுதானா என்பதே எனக்குத் தெளிவாக விளங்கவில்லை.

பெயரைப் பற்றிக் கேட்டால் வீட்டுப் பெரியவர்கள் ஆளுக்கொரு விளக்கம் தருகிறார்கள். அது ஒரு சீன முதலாளியின் பெயர் என்கிறார் பெரியப்பா. அங்கே ஓடிய ஆற்றின் பெயரிலிருந்து வந்தது என்கிறார் சித்தப்பா. கிராமத்துக்கு அந்தப் பெயர் உண்மையில் எப்படி வந்தது, அதற்கு முன்பு வேறு பெயர் இருந்ததா, பிறகு ஏன் யீஷூன் ஆயிற்று என்பதையெல்லாம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மண்டாய்வாசி எழுதியது:

அம்மா, பெரியப்பா சொல்வது நீ சூன் என்ற பெயருக்குப் பொருந்தும். சித்தப்பா சொல்வது அதற்கு முன்பு அந்த ஊருக்கு இருந்த பெயருக்கு ஓரளவு பொருந்தும். இரண்டும் வெவ்வேறு காலத்துப் பெயர்கள்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய நீ சூன் கிராமம் இன்றைய யீஷூன் நகர மையத்தில் இருக்கவில்லை. செம்பவாங் சாலை, மண்டாய் சாலை, அப்பர் தாம்சன் சாலை ஆகிய மூன்றும் கூடும் சந்திப்பைச் சுற்றித்தான் அதன் கடைகளும் வீடுகளும் இருந்தன. 2021இல் திறக்கப்பட்ட ஸ்பிரிங்லீஃப் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கினால் அந்த இடத்துக்கு நடந்தே போய்விடலாம். அதன் அருகே ஓடுவது சிலேத்தார் ஆறு. ஜொகூர் நீரிணையின் சதுப்புக் கரைகளில் படகுகளிலேயே குடும்பம் நடத்திய ஓராங் சிலேத்தார் மக்களின் பெயரும் இந்த ஆற்றின் பெயரும் ஒன்றே. அந்த வட்டாரத்தில் நமக்குத் தெரிந்த மிகப் பழைய பெயர் இதுதான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஆற்றை ஒட்டிச் சீனர்கள் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். காம்பியர் இலையைப் பெரிய கொப்பரைகளில் கொதிக்க வைத்துச் சாறு இறக்கி, அதை இறுகச் செய்து கட்டிகளாக விற்பார்கள். தோல் பதனிடவும் சாயம் போடவும் அது வெளிநாடுகளுக்குப் போயிற்று. வெற்றிலையோடு சேர்த்து மெல்லுவதற்கும் பயன்பட்டது. சாறு இறக்கிய இலைச் சக்கை மிளகுக் கொடிக்கு எருவாயிற்று. அடுப்பெரிக்கக் காட்டு மரம், சரக்கை ஏற்றி இறக்க ஆறு, இந்த இரண்டும் இல்லாமல் அந்தத் தொழில் நடக்காது. சாலைகள் இல்லாத அந்தக் காலத்தில் ஆற்றுத்துறையே ஊரின் வாசலாக இருந்தது. ஆற்றங்கரைக் குடியிருப்புக்குத் தலைவராக இருந்தவரின் குடும்பப் பெயரோடு "சூ காங்" என்பதைச் சேர்த்து அந்த ஊரை அழைப்பது வழக்கமாயிற்று. தியோச்சூ என்ற சீனக் கிளைமொழியில் "சூ" என்பது வீட்டையும் "காங்" என்பது ஆற்றையும் குறிக்கும். லிம் சூ காங், சுவா சூ காங், இயோ சூ காங் என்று இன்றும் நாம் சொல்லிவரும் பெயர்கள் எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவையே. நீங்கள் கேட்கும் ஊருக்கு அப்போது சான் சூ காங் என்று பெயர். உங்கள் சித்தப்பா ஆறு என்று சொன்னதற்கு இதுவே அடிப்படையாக இருக்க வேண்டும்.

காம்பியர் மண்ணின் சத்தை விரைவில் உறிஞ்சிவிடும் பயிர். பக்கத்துக் காடும் விறகாக எரிந்து தீர்ந்த பிறகு, பயிரிட்டவர்கள் பலர் ஜொகூருக்குப் போய்விட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த நிலங்களில் ரப்பர் வந்தது. ரப்பர்க் கன்று பால் தரும் மரமாக வளர ஐந்தாறு ஆண்டுகளுக்கு மேல் ஆகும் என்பதால், அதுவரை வருமானத்துக்காக இடையிடையே அன்னாசி நட்டார்கள். இந்த இரண்டு தொழிலிலும் பெரிய ஆளாக விளங்கியவர் லிம் நீ சூன் (1879–1936). அவர் இங்கேயே பிறந்த தியோச்சூ வழியினர். அன்னாசியைத் தகரத்தில் அடைத்து ஏற்றுமதி செய்ததால் அன்னாசி அரசர் என்று அழைக்கப்பட்டார். சான் சூ காங் அருகே அவர் நடத்திய தோங் ஏக் ரப்பர் ஆலையை 1928இல் ரப்பர் வணிகர் லீ கொங் சியான் வாங்கினார். வட்டாரத்தின் நிலமும் ஆலையும் வேலைவாய்ப்பும் ஒருவரைச் சுற்றியே அமைந்துவிட்ட நிலையில், 1930 வாக்கில் ஊரின் பெயர் நீ சூன் கிராமம் என்று மாறியது. அவர் உயிரோடு இருக்கும்போதே இது நடந்தது என்பதைக் கவனியுங்கள். மறைந்தவரை நினைவுகூர வைத்த பெயர் அன்று அது. சீனப் புரட்சித் தலைவர் சுன் யாட்-சென்னுக்கு இங்கிருந்து ஆதரவளித்தவர்களில் ஒருவராகவும் அவர் இருந்தார். அவருடைய உடல் நான்ஜிங் நகரில் அடக்கம் செய்யப்பட்டது. அது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

பழங்காசு எழுதியது:

மண்டாய்வாசி ஐயா கொடுத்த விளக்கத்தில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அதிலிருந்து எழும் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஆற்றுத் தலைவர் இருந்தபோது அவர் பெயர். தோட்ட முதலாளி வந்தபோது அவர் பெயர். அதே தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய தமிழர்களும் ஜாவானியரும் அந்த ஊருக்கு எந்தப் பெயரையும் விட்டுச் செல்லவில்லை. தமிழர்கள் பெயர் வைக்கத் தெரியாதவர்கள் அல்லர். சிராங்கூன் சாலையைப் பாருங்கள். இன்று லிட்டில் இந்தியா எனப்படும் அந்தப் பகுதியில், செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்த காலத்தில், தமிழர்கள் அந்த இடத்தைச் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். அங்கே எழுந்த ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயம் தொடக்கத்தில் சுண்ணாம்புக் கம்பம் கோவில் என்றே அறியப்பட்டது. கிராமத்தைக் குறிக்கும் "கம்போங்" என்ற மலாய்ச் சொல் நம் வாயில் கம்பமாகி, அதன் முன்னால் நாம் செய்த வேலையே பெயராக வந்து நின்றது.

அந்த வேலையையும் எளிதாக நினைக்க வேண்டாம். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் வெல்லத்தையும் கலந்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைக்கும் சென்னைச் சாந்துதான், 1862இல் திருநிலைப்படுத்தப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் சுவர்களுக்குப் பூசப்பட்டது. அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். நகரத்து வெண்சுவர்களுக்கெல்லாம் சுண்ணாம்பு தேவைப்பட்ட காலத்தில் அதைச் சுட்ட இடத்துக்குச் சுண்ணாம்பின் பெயர் வருவது இயல்புதான்.

என் கருத்து இது: நகரத்தை ஒட்டிய இடங்கள் அங்கே செய்யப்பட்ட வேலையால் பெயர் பெற்றன, நாட்டுப்புறக் கிராமங்கள் நிலத்துக்குச் சொந்தக்காரரால் பெயர் பெற்றன. வண்ணார் துறை எனப் பொருள்படும் தோபி காட் என்ற பெயரும் நகரத்துக்குள்தான் இருக்கிறது என்பதை யோசியுங்கள்.

கம்பத்துக்காரன் எழுதியது:

பழங்காசு அண்ணன் வகுத்த விதி கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சிங்கப்பூர்க் கம்பங்கள் அதற்குக் கட்டுப்படமாட்டா. பொத்தோங் பாசிர் நாட்டுப்புறந்தான். அடுக்குமாடிகள் வரும்வரை அங்கே காய்கறித் தோட்டங்களே இருந்தன. மலாயில் "பொத்தோங் பாசிர்" என்றால் மணல் வெட்டுதல். அங்கிருந்த மணற்குழிகளில் நடந்த வேலையே ஊருக்குப் பெயராயிற்று. எந்த முதலாளியும் அதில் இல்லை. தெம்பினிஸ், செம்பவாங், கிராஞ்சி ஆகிய மூன்றும் மரங்களின் பெயர்கள் என்றே பெரும்பாலும் சொல்லப்படுகின்றன. அவை கடலிலும் ஆற்றிலும் போனவர்கள் கரையைப் பார்த்து அடையாளம் சொன்ன பெயர்களாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

இன்னோர் எடுத்துக்காட்டு எனக்கு மிகவும் பிடித்தது. பெருநிலத்தில் எஞ்சியிருக்கும் கடைசிக் கம்பம் புவாங்கோக்கில் இருக்கிறது என்பது பலருக்கும் தெரியும். 1956இல் ஒரு சீன மருந்து வணிகர் அந்த நிலத்தை வாங்கி, வீடு கட்டிக்கொள்ள வந்தவர்களுக்கு வாடகைக்கு விட்டதிலிருந்து அது உருவாயிற்று. தாழ்வான இடம் என்பதால் பெருமழை பெய்தால் வெள்ளம் ஏறிவிடும். கைலியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். அதனால் அங்கிருந்தவர்கள் தங்கள் ஊரைச் "செலாக் காயின்" என்று அழைத்தார்கள். துணியைத் தூக்கிக்கொள் என்பது அதன் பொருள். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் இருந்தார்; ஆனாலும் ஊரார் வாயில் அவர் பெயர் ஊர்ப்பெயராக அமையவில்லை. தபால்காரருக்கும் வரைபடத்துக்கும் உரிய பெயர் லோரோங் புவாங்கோக். அந்தப் புவாங்கோக் என்பதும் அப்பகுதியில் இருந்த ஒரு ரப்பர் நிறுவனத்தின் சீனப் பெயரிலிருந்து வந்ததுதான்.

ஆகவே ஓர் ஊருக்கு ஒரே நேரத்தில் இரண்டு பெயர்கள் இருப்பது வழக்கம் என்று கொள்வதே சரி: ஒன்று ஆவணத்தில், இன்னொன்று ஊரார் பேச்சில். ஆவணம் காப்பாற்றப்படுகிறது, பேச்சு ஆள் கலைந்தால் போய்விடுகிறது. சுண்ணாம்புக் கம்பம் என்ற பெயர் நமக்கு இன்று தெரிவதற்குக் காரணம் கோவில். நீ சூன் தோட்டத் தமிழர்கள் தங்களுக்குள் என்ன பெயர் வழங்கினார்கள் என்பதை, அவர்கள் பெயரை ஒன்றும் விட்டுச் செல்லவில்லை என்று தீர்ப்புச் சொல்லும் முன், அங்கே வாழ்ந்த பாட்டிகளிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மண்டாய்வாசி எழுதியது:

கம்பத்துக்காரன் தம்பி சொன்ன இரண்டு பெயர் வழக்கத்துக்கு நீ சூன் வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. யீஷூனில் "பா சூன் பா" என்று ஒரு சாலை உண்டு. முதல் "பா" என்பது பாபா என்பதன் சுருக்கம். இங்கேயே பிறந்த சீனரான லிம் நீ சூனை அக்கம்பக்கத்தார் பாபா சூன் என்று அழைத்தார்கள். கடைசியில் வரும் "பா" தோட்டத்தைக் குறிக்கும் சொல். ஆக, பாபா சூனின் தோட்டம் என்று ஊரார் சொன்ன பேச்சு வழக்கே அங்கே சாலைப் பலகையில் ஏறிவிட்டது. ஒரே மனிதரின் ஆவணப் பெயர் கிராமத்துக்கும், செல்லப் பெயர் தோட்டத்துச் சாலைக்கும் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

பழங்காசு அவர்களின் வருத்தம் நியாயமானது. ஆனால் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கிராமம் என்பது பெரும்பாலும் சம்பளம் வாங்கியபின் சாமான் வாங்கப் போகும் கடைத்தெரு. அவர்கள் குடியிருந்தது தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். தாங்கள் வாழாத கடைத்தெருவுக்கு அவர்கள் ஏன் பெயர் வைக்க வேண்டும்?

செம்பவாங் பேத்தி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. நான் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே கற்றுக்கொண்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் மீதம் இருக்கின்றன. நீ சூன் எப்படி யீஷூன் ஆயிற்று? மேலும், தாத்தாவின் கடிதங்களில் பிற்காலத்தவை சிலவற்றில் "சோங் பாங் வில்லேஜ்" என்றும் முகவரி இருக்கிறது. அது நீ சூன் கிராமத்தின் மற்றொரு பெயரா, அல்லது அவர் வீடு மாறியதைக் காட்டுகிறதா?

அல்லி எழுதியது:

சோங் பாங் கிராமம் வேறு ஊர்; செம்பவாங் சாலையில் இன்னும் வடக்கே, கடற்படைத் தளத்துக்கு அருகே இருந்தது. ஆகவே உங்கள் தாத்தா வீடு மாறியிருக்கிறார் என்றே கொள்ளலாம். அதன் பழைய பெயர் வெஸ்ட்ஹில். லிம் நீ சூனின் மகன் லிம் சோங் பாங் 1956இல் காலமான பிறகு அவர் நினைவாகப் பெயர் மாற்றப்பட்டது. தந்தைக்கு வாழும்போதே ஓர் ஊர், மகனுக்கு மறைந்த பிறகு ஓர் ஊர். தளத்தில் வேலை பார்த்த தமிழர்களும் மலையாளிகளும் அந்தக் கிராமத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். 1938இல் திறக்கப்பட்ட தளத்துக்குள் இருந்த சாலைகளுக்கோ பிரிட்டிஷார் கான்பரா, ஆக்லாந்து, டர்பன், வெல்லிங்டன் என்று தங்கள் சாம்ராஜ்யத்து நகரங்களின் பெயர்களைச் சூட்டியிருந்தார்கள். வேலை ஒரு சாம்ராஜ்யத்தில், வீடு ஒரு சீனக் குடும்பத்தின் பெயரில்! சோங் பாங் கிராமம் 1980களின் இறுதியில் அகற்றப்பட்டது. இன்று யீஷூனில் நாம் சாப்பிடப் போகும் சோங் பாங் வட்டாரம் அந்தப் பெயரை மட்டும் வாங்கிக்கொண்ட வேறோர் இடம்.

யீஷூன் பற்றி மண்டாய்வாசி ஐயா என்னைவிடத் தெளிவாகச் சொல்வார்.

மண்டாய்வாசி எழுதியது:

நீ சூன், யீஷூன் இரண்டும் சீன எழுத்தில் ஒன்றே, ஒலிப்புதான் வேறு. முதலாவது தியோச்சூக்காரர் தம் பெயரை வழங்கிய முறை. இரண்டாவது அதே எழுத்துகளை மாண்டரினில் படித்து, பின்யின் முறைப்படி உரோமன் எழுத்தில் எழுதியது. 1979இல் மாண்டரின் பேசும் இயக்கம் தொடங்கியதை அடுத்து, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் எழுப்பிய புதிய நகரங்களில் சிலவற்றுக்குப் பின்யின் பெயர்கள் வந்தன. ஔ காங் ஹவ்காங் ஆனதும் இவ்வாறே. ஒரு மனிதரின் பெயரை அவரே உச்சரித்திராத விதத்தில் மாற்றி ஊருக்கு வைப்பது முறையா என்று சீனர்களிடையேகூட அப்போது கேள்வி எழுந்தது. என்னைக் கேட்டால், அந்தக் கேள்வி இன்றும் நியாயமானதே.

நம்மவருக்கு நன்கு தெரிந்த இணைச் செய்தி லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை. கண்டாங் கெர்பாவ் சந்தைக்குப் பதிலாக 1980களின் தொடக்கத்தில் எழுந்த புதிய கட்டடத்துக்கு, தேக்கா என்பதன் பின்யின் வடிவமான சுஜியாவ் என்ற பெயர் சூட்டப்பட்டது. தமிழரும் மலாய்க்காரரும் சீனரும் தேக்கா என்று சொல்வதை நிறுத்தவே இல்லை. 2000இல் பலகையையே தேக்கா என்று மாற்றிவிட்டார்கள். யீஷூனுக்கு அப்படி நடக்கவில்லை. தேக்காவுக்குத் தினமும் போய் வந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். நீ சூன் கிராமத்தவரோ கலைந்து போனார்கள், புதிய நகரத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு முதன்முதலில் தெரிந்த பெயரே யீஷூன்தான். எனினும் பழைய பெயர் முற்றும் மறையவில்லை. நீ சூன் முகாமில் தேசிய சேவை செய்தவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். 2011இல் அமைந்த நாடாளுமன்றக் குழுத்தொகுதிக்கும் நீ சூன் என்றே பெயர்.

குடும்ப வரலாற்றில் எழுதும்போது ஒன்று செய்யுங்கள். ஒவ்வோர் ஆவணத்திலும் உள்ள ஊர்ப்பெயரை இன்றைய பெயருக்கு மாற்றாமல், உள்ளபடியே தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். முகவரியில் மைல் எண் இருந்தால் அதையும் விடாதீர்கள். அந்தக் காலத்தில் நாட்டுப்புறச் சாலைகளில் இடம் சொல்லும் முறையே "இத்தனையாவது கட்டை" என்பதுதான். மலாயில் "பத்து" என்றால் கல்; மைல் கல்லை மலாய்க்காரர் அப்படிச் சொன்னதை நம்மவர் கட்டை என்றார்கள். ஊர்ப்பெயர் மாறினாலும் கட்டை எண்ணை வைத்து இடத்தை ஏறத்தாழக் கண்டுபிடித்துவிடலாம். பெரிய தாத்தாவின் உறைகளில் எங்கேனும் சான் சூ காங் என்று இருந்தால் அது 1930க்கு முந்தையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் அஞ்சல் முத்திரையைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள், ஏனெனில் ஊரிலிருந்து எழுதியவர்கள் பழகிய முகவரியை எளிதில் மாற்றியிருக்கமாட்டார்கள்.